ஏஞ்சல் மீன் முட்டைக்கு வலையா, ஜாடியா?

ஏஞ்சல் ஜோடி சேர்ந்து முட்டையிட ஆரம்பித்துவிட்டால் அடுத்த தலைவலி, அதுகளே அதைத் தின்னாமல் பார்த்துக்கொள்வது. வழி மூன்று உண்டு: பெற்றோரை நம்பி விட்டுவிடலாம், முட்டையை எடுத்துத் தனி ஜாடியில் பொரிக்கலாம், இல்லை முட்டையைச் சுற்றி வலை கட்டலாம். தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டில் ஜாடியில் தொடங்கி இப்போது வலையில் வந்து நிற்கிறோம். என் சாய்வு எந்தப் பக்கம் என்று இதிலேயே தெரிந்திருக்கும்.

பெற்றோரை நம்புவதில் செலவில்லை, வேலையில்லை. இளம் ஜோடி முதல் சில ஈடுகளைத் தின்பது சகஜம். பழகிய ஜோடிகூட, தொட்டியில் வேறு மீன் இருந்தாலோ பக்கத்தில் ஆள் நடமாட்டம் இருந்தாலோ தின்றுவிடும். பொறுமை உள்ளவர்களுக்குச் சரி.

ஜாடி முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். முட்டையிடுவதற்கென்று தொட்டியில் நிறுத்திய பி.வி.சி. குழாயை, ஒட்டிய முட்டையோடு அப்படியே தூக்கி, அதே தொட்டித் தண்ணீர் நிரப்பிய ஜாடியில் வைத்து, பூஞ்சையைத் தடுக்கும் மெத்திலீன் புளூ மருந்து சில சொட்டு விட்டு, பக்கத்தில் காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் போடுவது. 27, 28 டிகிரியில் சுமார் 60 மணி நேரத்தில் குஞ்சு பொரிந்து வால் துடிக்கத் தொடங்கும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் அதிகக் குஞ்சு கிடைப்பது இதில்தான்; அதை மறுக்க மாட்டேன்.

ஆனால் ஒழுங்காக நடக்க கரண்ட் வேண்டுமே! முட்டைக்கு ஓயாமல் தண்ணீர் ஓட்டம் வேண்டும். தொட்டியில் தாயும் தகப்பனும் மார்புத் துடுப்பால் விசிறுவது அதற்குத்தான். ஜாடியில் அந்த வேலையை ஏர் பம்ப் செய்கிறது. 2023-இல் இங்கே லோட் ஷெடிங், அதாவது முறை வைத்துச் செய்யும் மின்வெட்டு, உச்சத்தில் இருந்தபோது ஒவ்வொரு தடவையும் 2 மணி நேரம், சில ஊர்களில் 4 மணி நேரம் என்று ஒரே நாளில் பல தடவை பம்ப் நின்றது. நின்ற தண்ணீரில் செத்து வெள்ளையாகிப்போன முட்டையிலிருந்து பூஞ்சை பக்கத்து முட்டைக்குப் படரும். சின்ன ஜாடி சீக்கிரம் குளிர்ந்தும் போகும்; இங்கே குளிர்காலமான ஜூலையில், இரவில் டர்பனிலேயே 11, 12 டிகிரி, ஜோகன்னஸ்பர்க் பக்கம் கேட்கவே வேண்டாம். மார்ச் 2024-க்குப் பிறகு லோட் ஷெடிங் பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது, சரி. கேபிள் திருட்டும் அதனால் கரண்ட் போவதும் ஓயவில்லையே. பேட்டரி பம்ப் காற்றைத் தரும், சூட்டைத் தராது.

பெற்றோரை நம்பினாலும் கரண்ட் போவது ஆபத்துதான். விளக்கு திடீரென்று அணைந்தால் மீன் மிரளும். மிரண்ட மீன் முட்டையில் வாய் வைக்கும்.

வலை இரண்டுக்கும் ஈடு கொடுக்கிறது. ஹார்டுவேர் கடையில் மழைநீர்க் குழாய்க்கு விற்கும் பிளாஸ்டிக் வலையைச் சுருட்டி, முட்டைக் குழாயைச் சுற்றி உருளையாக மாட்டினால் போதும். கண்ணி 3, 4 மில்லிமீட்டர். முட்டைக்கும் வலைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் கண்ணி வழியாக உதட்டை நீட்டி உறிஞ்சிவிடும். துத்தநாகம் பூசிய கம்பி வலை கூடவே கூடாது, அது தண்ணீரில் கரைந்தால் மீனுக்கு விஷம். மாட்டுகிற நேரமும் முக்கியம்: பெண் வரிசையாக முட்டை ஒட்டிப் போக, ஆண் பின்னாலேயே வந்து கருவூட்டும், இரண்டும் முழுக்க முடித்து விலகிய பிறகே மாட்ட வேண்டும். கையைக் கொத்தும், கொத்தட்டும்.

அப்புறம் வேடிக்கை பாருங்கள். தாய் வலைக்கு வெளியே சாய்ந்து நின்று விசிறும்போது, முட்டை மேல் படிந்த தூசி மெல்ல நகர்வது கண்ணுக்கே தெரியும். இந்த விசிறிக்கு பிளக் கிடையாது. பெரிய தொட்டியாதலால் சூடும் மெதுவாகத்தான் இறங்கும்.

குறையும் உண்டு. வெள்ளை முட்டையைப் பெற்றோர் பொறுக்கி எடுக்க வழியில்லை. தினமும் வலையைக் கொஞ்சம் தூக்கி டிராப்பரால் நாம்தான் எடுக்க வேண்டும். மெத்திலீன் புளூவைத் தொட்டியில் ஊற்றவும் முடியாது, ஃபில்டரில் உள்ள நல்ல பாக்டீரியாவைக் கெடுத்துவிடும். வால் துடித்ததும் வலையைக் கழற்ற வேண்டும், அதையும் காலையில் செய்வது நல்லது. பெற்றோர் குஞ்சுகளை வாயில் கவ்வி இடம் மாற்றும், அதற்கு வெளிச்சம் வேண்டும். அந்தக் கட்டத்தில் தின்கிற ஜோடியை வலை திருத்தாது.

டிஸ்கஸ் மீன் நான் வளர்த்ததில்லை. அதன் குஞ்சு பெற்றோர் உடம்பில் ஊறும் வழவழப்பைத் தின்று வளர்வதால், வளர்ப்பவர்கள் பலர் அது முட்டையிட வைக்கும் கூம்புக்கு வலை போடுவதாகக் கேள்வி. வரிக்குதிரை டானியோ மாதிரி முட்டையை இறைத்துவிட்டுப் போகும் மீனுக்கு இதெல்லாம் வேண்டாம், அடியில் கோலிக்குண்டு பரப்பினால் போதும், முட்டை இடுக்கில் விழுந்து தப்பிவிடும். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி சிக்லிட் மீன்களுக்கு அதுவும் வேண்டாம், தாய் வாயிலேயே அடைகாக்கும்.

ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருக்கும் சித்தப்பா மகன் இன்னும் ஜாடிதான். "அண்ணா, எனக்கு எண்ணிக்கை வேண்டும், கடைக்குக் கொடுக்கிறேன்" என்கிறான். அவன் வீட்டுக் கூரையில் சோலார், உள்ளே இன்வெர்ட்டர். அந்த வசதி இருந்தால் நானும் ஜாடியைத்தான் சொல்வேன்.