ஆறு ஆண்டுகள், மூன்று மௌன முகாம்கள்: சமதத் தியானம் என்னிடம் விட்டுச்சென்றவை

ஆறு ஆண்டுகளில் மூன்று முறை பத்து நாள் மௌன முகாமில் இருந்திருக்கிறேன். மூன்றுமே பௌத்த சமதத் தியான முகாம்கள். மனத்தை ஒரே பொருளில் நிலைகொள்ள வைக்கும் பயிற்சி. முதல் முகாம் முடிந்த கையோடு எழுதியிருந்தால், மூடிய கண்ணுக்குள் தெரிந்த ஒளியைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதியிருப்பேன். இன்று அதற்கு ஒரு பத்தி போதும்.

பலர் இதை விபாசனா என்னும் இன்னொரு பௌத்தத் தியான முறையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். விபாசனா ஆசிரியர் கோயங்காவின் மரபில் நடக்கும் பத்து நாள் முகாமில் முதல் மூன்று நாட்கள் மூச்சைக் கவனிப்பார்கள். நான்காம் நாள் கவனம் உடலின் உணர்ச்சிகளுக்குத் திரும்பிவிடும். நான் சென்ற முகாம்களில் பத்து நாளும் மூச்சுதான். மூக்குக்கும் மேலுதட்டுக்கும் இடையே காற்று படுகிற அந்தச் சிறு இடம், அவ்வளவே. விடியுமுன் எழுந்தால் இரவு வரை அமர்வு, நடை, மறுபடி அமர்வு. எட்டு சீலங்கள் என்னும் பௌத்த ஒழுக்க விதிகளின்படி நண்பகலுக்குப் பின் சாப்பாடு கிடையாது. கைபேசியையும் புத்தகத்தையும் நுழையும்போதே ஒப்படைத்துவிட வேண்டும்.

மௌனத்தை நினைத்துத்தான் மிகவும் பயந்திருந்தேன். அதுவே எல்லாவற்றிலும் எளிதாக இருந்தது. யாரையும் பார்த்துப் புன்னகைக்க வேண்டியதில்லை, நலம் விசாரிக்க வேண்டியதில்லை என்றானதும் தோள்கள் தாமாகத் தளர்ந்தன. உள்ளே ஓடும் பேச்சுதான் அடங்கவில்லை. என்றோ முடிந்துபோன ஒரு சண்டைக்கு இரண்டாம் நாள் முழுவதும் புதிய புதிய பதில்களைத் தயாரித்துக்கொண்டிருந்தேன். சம்யுத்த நிகாயம் என்னும் பாளி பௌத்த நூல் தொகுப்பின் கோலித சூத்திரத்தில், ‘உன்னத மௌனம்’ எது என்ற கேள்விக்குப் புத்தரின் சீடர் மொகல்லானர் சொல்லும் விடை இரண்டாம் தியான நிலை. எண்ணத்தை எழுப்புவதும் அதையே சுற்றிவருவதும் ஓய்ந்துபோன நிலை அது. முகாமின் சுவரில் அந்தச் சொல்லைப் பார்க்கும்போதெல்லாம், வாயை மூடிய நாம் இன்னும் வாசற்படியில்தான் நிற்கிறோம் என்று நினைத்துக்கொள்வேன்.

தொடக்கத்தில் மூச்சை எண்ணச் சொல்வார்கள். ஐந்துக்குக் குறையவும் கூடாது, பத்தைத் தாண்டவும் கூடாது. இது விசுத்திமக்கம் சொல்லும் அளவு. 5ஆம் நூற்றாண்டில் புத்தகோசர் என்ற துறவி இலங்கையின் அனுராதபுரத்து மகாவிகாரையில் இயற்றிய நூல் அது. மூச்சு உள்பட 40 தியானப் பொருள்களை அது விளக்குகிறது. எங்கள் ஆசிரியர் எட்டு வரை என்றார். எட்டு எண்ணுவது ஒரு வேலையா என்று நினைத்தேன். முதல் நாள் பெரும்பாலும் மூன்றிலேயே தொலைந்துபோனேன். கோபம் வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சைப் பிடித்து நிறுத்தப் பார்த்தேன். நான்காம் நாள் தலை பிளந்துவிடும்போல் வலித்தது.

அன்று மாலை ஆசிரியரிடம் போய்ச் சொன்னபோது, அவர் சோணரின் கதையைச் சொன்னார். பாதம் புண்ணாகி இரத்தம் கசியும் வரை நடந்து நடந்து தியானம் செய்த துறவி அவர். நீ வீணை வாசித்தவன்தானே, நரம்பை மிகவும் இறுக்கினால் இசை வருமா, தளர்த்திவிட்டால் வருமா என்று புத்தர் அவரைக் கேட்கிறார். கதையை முடித்துவிட்டு ஆசிரியர் ஒன்றே ஒன்று சொன்னார்: “மூச்சு ஓடிப்போகாது. நீங்கள் பிடித்துவைக்க வேண்டாம்.” என் வாழ்க்கையில் இந்த அளவுக்குப் பயன்பட்ட அறிவுரை வேறில்லை.

ஆறாம் நாள் மூச்சு மென்மையாகி, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு நுண்ணியதானது. மூடிய கண்முன் நிலவொளிபோல் ஒன்று படர்ந்தது. மனம் ஒருமைப்படும்போது தோன்றும் இந்த அடையாளத்தை நிமித்தம் என்பார்கள். உடலெங்கும் ஓர் அலை எழுந்தது. அந்தப் பரவசத்துக்குப் பாளியில் ‘பீதி’ என்று பெயர். தமிழில் அதே சொல் அச்சத்தைக் குறிக்கிறது. அன்று எனக்கு இரண்டு பொருளும் ஒன்றாகவே வந்தன. பயந்ததும் எல்லாம் கலைந்துவிட்டது. அதை மறுபடி வரவழைக்க முயன்றே அடுத்த இரண்டு நாட்களும் வீணாகின. ஒளியைப் பார்க்காதீர்கள், மூச்சிலேயே இருங்கள் என்று ஆசிரியர் சொன்னது காதில் ஏறவில்லை.

இரண்டாம் முகாமுக்கு அந்த ஒளியைத் தேடியே போனேன். எதிர்பார்ப்போடு உட்கார்ந்ததால் ஒன்றும் கூடிவரவில்லை. அந்த இடத்தில் கூட்டமும் அதிகம். ஆசிரியரைச் சந்திக்க நான்கு நாள் காத்திருந்தேன். எனக்கு முன்வரிசையில் ஒருவர் இரண்டு நாளாக ஓசையின்றி அழுதுகொண்டிருந்தார். யாரும் அவரை அழைத்துப் பேசவில்லை. அதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. மௌனம் என்பது ஒருவரைத் தனியே தவிக்க விடுவதற்கான அனுமதி ஆகாது. பதிவு செய்யுமுன் கேளுங்கள்: ஓர் ஆசிரியருக்கு எத்தனை பேர், எத்தனை நாளுக்கு ஒருமுறை சந்திப்பு, மனநலம் குறித்து முன்கூட்டியே விசாரிக்கிறார்களா? கடுமையான மனச்சோர்வில் இருப்பவர்களும் அண்மையில் பெரிய இழப்பைச் சந்தித்தவர்களும் முதலில் மருத்துவரிடம் பேசிவிட்டு முடிவெடுப்பதே நல்லது.

மூன்றாம் முகாமில் ஒளியும் இல்லை, அலையும் இல்லை. ஆனால் மனம் விலகிய கணத்திலேயே அது விலகியது தெரிந்தது. கோபமின்றித் திரும்பி வந்தேன், நாளுக்கு நூறு முறை. மூன்றில் எனக்குப் பிடித்தது அதுதான்.

முகாமில் கூடிவரும் ஒருமை நிலைப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எனக்கு இரண்டே வாரத்தில் கரைந்துவிடும். திரும்பிய மறுநாளே வேலைக்குப் போகாதீர்கள். சாதாரணப் பேச்சுகூடக் காதில் அறையும். தினமும் காலையில் 40 நிமிடம் அமர்கிறேன். கோபம் இன்னும் வருகிறது. சென்ற ஆண்டு அப்பா மருத்துவமனையில் இருந்த ஓர் இரவு, கட்டிலருகே உட்கார்ந்து என் மூச்சை விட்டுவிட்டு அவருடைய மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்று முதல் எட்டு வரை, விடியும் வரை. என்ன ஆகுமோ என்று மனம் ஓடியபோதெல்லாம் அவரிடமே திரும்பி வர முடிந்தது. அந்த இரவில் நான் அவரோடு முழுமையாக இருந்தேன்.

நான்காம் முகாமுக்குப் பதிவு செய்திருக்கிறேன். முழங்கால் முன்போல் இல்லை. இம்முறை நாற்காலி வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே எழுதிவிட்டேன்.