கேடிபியா, இங்க்ராம்ஸ்பார்க்கா: திருத்தம் போடும்போது தெரியும் வித்தியாசம்

எழுத்தாளரே தன் புத்தகத்தை வெளியிட, ஆர்டர் வந்ததும் அச்சிட்டுத் தரும் இரண்டு சேவைகள்: அமேசானின் கேடிபி (கிண்டில் டைரக்ட் பப்ளிஷிங்), இங்க்ராம் நிறுவனத்தின் இங்க்ராம்ஸ்பார்க். அமேசானில் விற்றால் போதும் என்றால் கேடிபி. புத்தகக் கடைகளும் நூலகங்களும் வாங்க வேண்டும், மேலுறை போட்ட கெட்டி அட்டை வேண்டும் என்றால் இங்க்ராம்ஸ்பார்க். இந்த அளவுக்கு யாரும் சொல்லிவிடுவார்கள். முதல் புத்தகத்துக்கு நான் கேடிபி பக்கம். காரணம் ராயல்டி அல்ல, திருத்தம்.

ஆர்டர் வந்த பிறகுதான் அச்சாகிறது, பிழையை எப்போது வேண்டுமானாலும் சரிசெய்துகொள்ளலாம் என்று நம்பித்தான் பலர் இந்த முறைக்கு வருகிறார்கள். சரிசெய்யலாம்தான். ஆனால் உள்பக்கத்தில் கைவைத்தால் அட்டை வரை இழுத்துவிடும். கேடிபியில் 150 பக்கம் வரை உள் மார்ஜின் (தைக்கும் பக்கத்து ஓர வெற்றிடம்) 0.375 அங்குலம் போதும். 151 முதல் 300 வரை 0.5 அங்குலம் வேண்டும். 148 பக்கப் புத்தகத்தில் ஒரு முன்னுரையைச் சேர்த்து 152 ஆக்கினால் மார்ஜினை அகட்ட வேண்டும். வரி குறுகும், பக்கம் இன்னும் ஏறும். க்ரீம் தாளில் புத்தக முதுகின் அகலம் பக்கத்துக்கு 0.0025 அங்குலம், ஆக அட்டையையும் புதிய அளவில் செய்ய வேண்டும்.

செலவு பிரிகிற இடம் இதுதான். கேடிபியில் மறுபடி ஏற்ற கட்டணம் இல்லை; புதுக் கோப்பைச் சரிபார்க்கும் வரை பழைய பதிப்பு விற்பனையில் இருக்கும். இங்க்ராம்ஸ்பார்க்கில் தொடக்கத்தில் 60 நாள்தான் திருத்தம் இலவசம், பிறகு கோப்புக்கு ஒரு கட்டணம். பக்கம் நகர்ந்தால் உள்பக்கம், அட்டை என இரண்டு கோப்பு, இரண்டு கட்டணம். முதல் புத்தகத்தில் பிழைகள் ஒரே தடவையில் கண்ணில் படுவதில்லை. எங்கே ஏற்றினாலும் கடைசியில் நான்கு வெற்றுப் பக்கம் விட்டுவையுங்கள். சின்னச் சேர்க்கைகளை அவை விழுங்கிக்கொள்ளும், பக்க எண்ணிக்கை அசையாது.

கேடிபியின் தாராளத்துக்கும் எல்லை உண்டு. வெளியான பிறகு தலைப்பு, ஆசிரியர் பெயர், ஐஎஸ்பிஎன் (புத்தகத்தின் அடையாள எண்), ட்ரிம் சைஸ் (வெட்டிய பிறகான புத்தக அளவு), தாள் வகை எதையும் மாற்ற முடியாது. புதுப் பதிப்புதான் போட வேண்டும். 79 பக்கத்துக்குக் குறைந்தால் முதுகில் எழுத்துக்கே இடமில்லை. திரைக்கான ஆர்ஜிபி நிறத்தில் அட்டையைக் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்ளும். திரையில் பளிச்சென்றிருந்த நீலம் அச்சில் மங்கி வரும்போதுதான் விஷயம் புரியும். இங்க்ராம்ஸ்பார்க் அச்சுக்கான நான்கு மை நிறமுறையான சிஎம்ஒய்கே கேட்கும், ஓரிடத்தில் விழும் நான்கு மைகளின் மொத்த அளவு 240 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று கெடுபிடி காட்டும். எரிச்சலாக இருந்தாலும் அந்தக் கெடுபிடி நல்லதே. கேடிபியில் அந்த வேலையை ப்ரூஃப் பிரதிதான் (சரிபார்க்க வாங்கும் மாதிரிப் பிரதி) செய்ய வேண்டும். அட்டையில் விற்பனைக்கு அல்ல என்ற பட்டையோடு வரும், நிறம் பார்க்க அது போதும்.

இதெல்லாம் கறுப்பு மையில் அச்சாகும் உரைநூல்களை வைத்துச் சொன்னது. வண்ணப் படங்கள் நிறைந்த நூலுக்கு என் கணக்கு மாறக்கூடும்.

பிறகு இங்க்ராம்ஸ்பார்க்குக்கும் போகும் எண்ணம் இருந்தால் கேடிபி தரும் இலவச ஐஎஸ்பிஎன்னை எடுக்காதீர்கள். அதை வேறெங்கும் பயன்படுத்த முடியாது. சொந்த ஐஎஸ்பிஎன் வாங்கி, கேடிபியில் விரிவாக்கப்பட்ட விநியோகம் (அமேசானுக்கு வெளியே உள்ள கடைகளுக்கும் அனுப்புவது) என்ற கட்டத்தை டிக் செய்யாமல் விடுங்கள். டிக் செய்திருந்தால் அந்த எண் ஏற்கெனவே விநியோகத்தில் இருக்கிறது என்று இங்க்ராம்ஸ்பார்க் திருப்பி அனுப்பிவிடும்.