யமஹா சி40: நாட்டுப்புற மெட்டு வாசிக்கத் தோதான கிட்டாரா?

காவடிச்சிந்து, தெம்மாங்கு, தாலாட்டு மெட்டுகளை நைலான் தந்தி கிட்டாரில் விரலால் மீட்டி, புதிதாக அமைத்து வாசிக்கும் இளைஞர்கள் பெருகிவருகிறார்கள். அவர்களில் பலர் தொடங்குவது யமஹா சி40-ல். மேற்கத்திய கிளாசிக்கல் பாடத்துக்காக அமைந்த கருவி இது. நம் மெட்டுகள் இதில் பாட வேண்டுமானால் இரண்டு மூன்று இடங்களில் கைவைத்தே ஆக வேண்டும். வைத்துவிட்டால் விலைக்கு மேல் உழைக்கும், ஒரு குறை மட்டும் முழுதாகத் தீராது.

தந்தி நீளம் 650 மி.மீ., நட் (தலைப்பக்கத்தில் தந்திகளைக் காடிகளில் தாங்கும் பட்டை) அகலம் 52 மி.மீ., மேற்பலகை ஸ்ப்ரூஸ் பிளைவுட். பிளைவுட் என்றதும் ஒதுக்க வேண்டாம். கடலோர ஈரக்காற்றுக்கும் ஏசி அறையின் வறட்சிக்கும் மாறிமாறிப் போகும் கருவியில் ஒற்றைப் பலகை வெடிக்க வாய்ப்பு அதிகம், பிளைவுட் அதைத் தாங்கிக்கொள்ளும். பதிலுக்கு நாதம் சீக்கிரம் அடங்கிவிடும், நீண்டு நிற்கும் தாலாட்டு ஸ்வரங்களில் இது நன்றாகவே தெரியும். கழுத்தில் ட்ரஸ் ராட் (கழுத்துக்குள் ஓடும் உலோகக் கம்பி) இல்லை. கழுத்து வளைந்தால் திருகி நிமிர்த்த வழியில்லை என்பதால், கடையிலேயே தலைப்பக்கத்திலிருந்து கழுத்தை நோட்டம் விட்டுப் பார்த்து வாங்குங்கள்.

இந்தக் கருவி நாட்டுப்புற மெட்டுக்கு எவ்வளவு இயல்பாகப் பொருந்துகிறது என்பது சுருதி கூட்டும்போதுதான் புரியும். காவடிச்சிந்துகளில் அதிகம் கேட்கும் செஞ்சுருட்டியை எடுத்துக்கொள்வோம். அது மேல் ஷட்ஜம் வரை ஏறாத ராகம். கீழே பஞ்சமம், மேலே நிஷாதம், அதற்குள் எல்லாம் முடிந்துவிடும். மத்திம சுருதியில் (மத்திமத்தை ஆதாரமாகக் கொண்டு) பாடுவது இதனால்தான். ஆறாம் தந்தியை ஈ-யிலிருந்து டி-க்கு இறக்கி, ஐந்தாம் தந்தியின் ஏ-யை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால், கீழ்த் தந்திகள் மூன்றும் ம-ச-ம என்று நிற்கும். மூன்றாம் தந்தி 2-ஆம் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகப் பட்டை) ச, இரண்டாம் தந்தி திறந்த நிலையில் ரி, 2-இல் க, 3-இல் ம. முதல் தந்தி திறந்த நிலையில் ப, 2-இல் த, 3-இல் நி. கீழ் நிஷாதம் மூன்றாம் தந்தியின் திறந்த ஒலி, கீழ் தைவதமும் பஞ்சமமும் நான்காம் தந்தியின் 4, 2. முழு ராகமும் நான்கு ஃப்ரெட்டுக்குள் அடங்குகிறது, கட்டைவிரல் சுருதியை விடாமல் ஒலித்துக்கொண்டே இருக்கலாம்! பஞ்சம சுருதிப் பாட்டானால் டி-யை ஷட்ஜமாக்குங்கள். அதே மூன்று தந்திகள் ச-ப-ச ஆகிவிடும், மறுபடி முடுக்க வேண்டியதில்லை.

இப்போது சிக்கல். எல்லாம் முதல் நான்கு ஃப்ரெட்டில் நடப்பதால், சேடிலைவிட (தந்தி கட்டும் பிரிட்ஜின் மேல் தந்திகளைத் தாங்கும் பட்டை) நட் முக்கியம். இந்த விலைப் பிரிவில் நட் உயரமாக வருவது வழக்கம். தந்தியை 2-க்கும் 3-க்கும் இடையில் அழுத்தி, முதல் ஃப்ரெட்டின் மேல் உள்ள இடைவெளியில் விசிட்டிங் கார்டை நுழைத்துப் பாருங்கள். தடையில்லாமல் போனால் நட் உயரம். அப்படியே வாசித்தால் அழுத்தும் ஒவ்வொரு ஸ்வரமும் இழுபட்டுச் சற்று ஏறிவிடும், திறந்த தந்தியின் சுருதியோடு மோதும். காடியை ராவும் வேலையைப் பழுதுபார்ப்பவரிடம் விடுவதே நல்லது. கொஞ்சம் கூடுதலாக ராவினாலும் திறந்த தந்தி இரையும், பிறகு நட்டையே மாற்ற வேண்டிவரும்.

சேடில் நாமே செய்யக்கூடியது. 12-ஆம் ஃப்ரெட்டில் தந்தியின் உயரத்தை 0.5 மி.மீ. குறைக்க, சேடிலின் அடியில் 1 மி.மீ. தேய்க்க வேண்டும். பென்சிலால் கோடு போட்டு, கண்ணாடிமேல் ஒட்டிய 220 எண் உப்புத்தாளில் நேராகத் தேயுங்கள், மேல்முனையைத் தொடாதீர்கள். ஆறாம் தந்திப் பக்கம் 3.5 மி.மீ.க்குக் கீழே போக வேண்டாம். டி-க்கு இறக்கியதும் அந்தத் தந்தியின் இழுவிசை ஏறக்குறைய 20 விழுக்காடு குறைகிறது, கட்டைவிரலால் ஓங்கி மீட்டினால் ஃப்ரெட்டில் அடித்து இரையும். அந்த ஒரு தந்தியை மட்டும் இழுவிசை கூடிய ஹார்ட் டென்ஷன் வகையாகப் போடுவது எளிய தீர்வு. ஸ்டீல் தந்தியை மட்டும் எக்காரணம் கொண்டும் மாட்டாதீர்கள், பிரிட்ஜ் பெயர்ந்து வரும்.

தீராத குறை மூன்றாம் தந்தி. தடித்த நைலான், ஒலி மந்தம், அழுத்தினால் மற்றவற்றைவிடக் கூடுதலாகச் சுருதி ஏறும். நம் ஷட்ஜமோ அதில்தான் விழுகிறது. அதை மட்டும் கார்பன் தந்தியாக மாற்றினால் மெலிதாகி, ஒலி துலங்கும். பிறகு அதன் 2-ஆம் ஃப்ரெட்டை ஐந்தாம் தந்தியின் 12-ஆம் ஃப்ரெட் ஹார்மோனிக்கோடு (அழுத்தாமல் விரலால் தொட்டு மீட்டும் ஒலி) ஒத்துச் சுருதி சேருங்கள். திறந்த நிஷாதம் இம்மியளவு இறங்கும், செஞ்சுருட்டியில் அது உறுத்தாது. இருந்தாலும் ஸ்ப்ரூஸ் ஒற்றைப் பலகை கொண்ட யமஹா சிஜி122எம்எஸ் தரும் கணீர் ஒலியை இதில் எதிர்பார்க்க முடியாது. கையில் கூடுதல் பணம் இருந்தால் தயங்காமல் அதற்குப் போகலாம்.

கமகத்துக்குத் தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கும் பழக்கம் இங்கே எடுபடாது, நைலான் நீண்டு கொடுத்துவிடும். ஜாரும் (விரலைத் தந்தியில் வழுக்குவது) சுத்தியடியும் (விரலால் தந்தியைத் தட்டி ஸ்வரம் எழுப்புவது)தான் வழி. திறந்த தந்தியில் விழும் ரி, ப இரண்டிலும் அசைவே தர முடியாது. அசைக்க வேண்டிய இடத்தில் ரி-யை மூன்றாம் தந்தி 4-இலும், ப-வை இரண்டாம் தந்தி 5-இலும் எடுங்கள். காந்தாரம் இன்னும் நுட்பமானது. ஃப்ரெட்டின் அந்தர காந்தாரம் இயல்பு காந்தாரத்தைவிட 14 சென்ட் (ஒரு ஃப்ரெட் இடைவெளியில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) கூடுதல், சுருதி ஒலிக்கும்போது காதில் குத்தும். அதை மூன்றாம் தந்தி 6-இல் எடுத்து, அழுத்தியபடியே பிரிட்ஜ் பக்கம் தள்ளினால் சற்று இறங்கும். 2-ஆம் ஃப்ரெட்டில் இந்த வித்தை பலிக்காது. இதே சுருதிப் பிரச்சினைக்காகத்தான் துருக்கியின் தோல்கஹான் சோவுலு 2008-இல் ஃப்ரெட்டுகளை நகர்த்தக்கூடிய கிளாசிக்கல் கிட்டாரையே வடிவமைத்தார். அனடோலிய நாட்டுப்பாடல்கள் அதில் சமரசமின்றி ஒலிக்கின்றன. நம் மெட்டுகளுக்கும் ஒருவர் அதைச் செய்து பார்க்க வேண்டும்.

தந்தி கட்டும்போது முதல் தந்திக்கு மூன்று சுற்று வேண்டும், கடைசிச் சுற்று பிரிட்ஜின் பின்விளிம்புக்குக் கீழே சிக்க வேண்டும். மேலேயே நின்றால் முடிச்சு நழுவும், தந்தி முனை சாட்டையாகத் தெறித்து மேற்பலகையில் வடு விழும். புது நைலான் நிலைகொள்ளச் சில நாட்கள் ஆகும், அந்த வாரத்தில் கச்சேரி ஒப்புக்கொள்ளாதீர்கள்.

சுருதிக் கணக்கில் ஏ என்பது 6 கட்டை, பெண்குரலுக்குத் தோது. 1 கட்டையில் பாடுபவருக்கு 3-ஆம் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாத் தந்திகளையும் ஒருசேர அழுத்தும் கவ்வி) போடலாம். விரல்பலகை தட்டையானது என்பதால் தட்டையான கிளாசிக்கல் கேப்போவே வேண்டும். வளைந்தது போட்டால் ஓரத் தந்திகளும் நடுத் தந்திகளும் ஒரே அழுத்தம் பெறாமல் இரைச்சல் கேட்கும். பறையோ உறுமியோ கூட இருக்கும் மேடைக்கு சி40-இன் ஒலி போதாது. பிக்கப் (ஒலிபெருக்கிக்கு ஒலியைக் கடத்தும் கருவி) பொருத்திய சிஎக்ஸ்40-ஐ வாங்குங்கள். பதிவுக்கு மட்டும் என்றால் சி40-யே போதும், 12-ஆம் ஃப்ரெட்டுக்கு நேராக ஒரு சாண் தள்ளி மைக்கை வையுங்கள்.