ஏலச்சீட்டு போடுகிறவர்கள் படியுங்கள்

எங்கள் தெருவில் ஏலச்சீட்டு நடத்தியவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். மாதம் 5,000, இருபது பேர், ஒரு லட்ச ரூபாய் சீட்டு. என் பணத்தோடு, வீட்டு வேலைக்குப் போகும் இரண்டு பெண்கள் மகள் கல்யாணத்துக்கென்று கட்டியதும் போயிற்று. வயிறு எரிகிறது.

ஆளைப் பார்த்தால் ஏமாற்றுக்காரர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அரசு வேலையில் ஓய்வு பெற்றவர். கோயில் கமிட்டியில் கணக்கு பார்த்தவர். எதிர்வீட்டுப் பெரியவருக்கு ராத்திரியில் நெஞ்சுவலி வந்தபோது ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போனவர். இதற்கு முன் அவர் மேல் போலீஸ், கேஸ் என்று ஒன்றுமே கிடையாது. ஷேரில் பெரிதாக விட்டிருக்கிறார், வீட்டில்கூடச் சொல்லவில்லை என்று அவர் மைத்துனர் இப்போது சொல்கிறார். அமெரிக்கக் குற்றவியலாளர் டொனால்ட் கிரெஸ்ஸி, நம்பி ஒப்படைத்த பணத்தைக் கையாடிச் சிறைக்குப் போனவர்களிடம் பேசி 1950களிலேயே கண்டது இதுதான்: வெளியில் சொல்ல முடியாத பணக்கஷ்டம், கையில் புழங்கும் அடுத்தவர் பணம், "திருடலை, திருப்பி வெச்சிடுவேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் சமாதானம்.

ஏலம் அவர் வீட்டுக் கூடத்தில்தான் நடக்கும். ஆரம்ப மாதங்களிலேயே "வெளியூர் மெம்பர் லைன்ல இருக்கார்" என்று போனைக் காதில் வைத்துக்கொண்டு தள்ளுத் தொகையை, அதாவது சீட்டை எடுக்கிறவர் விட்டுக்கொடுக்கும் தொகையை, ஏற்றுவார். 30,000 வரை தள்ளி அந்த மெம்பரே சீட்டை எடுத்துவிடுவார். தள்ளு கூடினால் எல்லோருக்கும் தவணையில் கழிவு கூடும், அதனால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். அப்படி ஒரு மெம்பரே கிடையாது, எடுத்த பணம் அவர் கைக்கே போயிற்று. "சார், அவர்கிட்ட நான் ஒரு வார்த்தை பேசட்டுமா?" என்று ஒரு அம்மா கேட்டார். "என் மேல நம்பிக்கை இல்லேன்னா இப்பவே கணக்கை முடிச்சுக்கங்கம்மா" என்று சிரித்தபடியே சொன்னார். அந்த அம்மாதான் கூனிக்குறுகிப் போனார். கணக்கு கேட்டால் மானப் பிரச்சினையாக்குகிற ஆளிடம் தயவுசெய்து பணம் கொடுக்காதீர்கள்.

இவ்வளவு பெரிய சீட்டை 1982 சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்யாமல் நடத்துவது குற்றம். சிறைத் தண்டனை உண்டு. முழுச் சீட்டுத் தொகைக்கும் ஈடு காட்டிய பிறகுதான் தொடங்கவே முடியும். முதல் தவணைக்கு முன்பே பதிவு எண்ணைக் கேட்டு, மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

நாங்கள் சேர்ந்து புகார் கொடுத்திருக்கிறோம். ரொக்கமாகக் கட்டுகிறவர்கள் ஒவ்வொரு தவணைக்கும் அட்டையில் கையெழுத்து வாங்குங்கள், சீட்டு முடிந்தாலும் அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். ஸ்டேஷனில் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள்.