நின்றுபோன மாடல் டிவி வாங்கிய கதை

மூன்று வார விடுப்பில் ஊருக்குப் போய் இறங்கிய மறுநாளே வீட்டு டிவி படுத்துவிட்டது. சத்தம் வருகிறது, படம் இல்லை. டார்ச்சைத் திரையை ஒட்டிப் பிடித்துப் பார்த்தால் உருவங்கள் மங்கலாக அசைகின்றன. திரைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தருகிற எல்இடி பட்டை போய்விட்டது, இவ்வளவு பழைய செட்டுக்கு அதைத் தேடி அலையாதீர்கள் என்றார் மெக்கானிக்.

கடையில் இந்த வருட மாடல்களுக்கு நடுவே, ஓரமாக ஒரு 4கே டிவி நல்ல விலைக் குறைப்பில் இருந்தது. "கம்பெனி நிறுத்திட்ட மாடல் சார், ரெண்டு பீஸ்தான் இருக்கு" என்று விற்பனையாளர் முதலிலேயே சொல்லிவிட்டார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. அம்மாவுக்குத்தான் சந்தேகம். "நிறுத்திட்டாங்கன்னா ஏதோ கோளாறு இருக்கும்லடா?"

பெரும்பாலும் கோளாறு காரணமில்லை. வருடத்துக்கு ஒரு புது வரிசையை இறக்குவதற்காகவே பழையதை நிறுத்துகிறார்கள். புது மாடலைப் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் ஒரே சேனலைப் போடச் சொன்னேன். இரண்டிலும் அதே 3840×2160 புள்ளிகள்தான். செய்தி, சீரியல் பார்க்கிற கண்ணுக்கு எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. அப்புறம் அம்மா இரண்டு ரிமோட்டையும் கையில் வாங்கினார். புதியதில் ஏழெட்டுப் பொத்தான்கள், ஒரு மைக். செட்-டாப் பாக்ஸுக்குத் திரும்ப வேண்டுமென்றால் மெனுவுக்குள் போய்த் தேட வேண்டும். பழையதில் 'சோர்ஸ்' என்று தனிப் பொத்தான். அம்மா கட்டைவிரலால் அதை இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, "இதையே எடுத்துக்கலாம்" என்றார்.

பணம் கட்டுவதற்கு முன் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தேன். இதை எல்லோரும் செய்ய வேண்டும் என்பேன். பேனல், பவர் போர்டு, ரிமோட் மூன்றும் கிடைக்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். போர்டு அடுத்த மாடலிலும் அதேதான், கவலைப்படாதீர்கள் என்றார்கள். அட்டைப் பெட்டியின் ஸ்டிக்கரில் தயாரித்த மாதத்தைப் பார்த்தேன். வாரன்ட்டி பில் தேதியிலிருந்துதான் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்கினேன். ஷோரூமில் காலை முதல் இரவு வரை முழு வெளிச்சத்தில் ஓடிய டிஸ்ப்ளே பீஸ் வேண்டாம், சீல் பிரிக்காததுதான் வேண்டும் என்றும் சொல்லிவிட்டேன்.

நின்றுபோன மாடல் டிவியில் முதலில் கிழடாவது மென்பொருள்தான். அப்டேட் நின்றால் ஒவ்வொரு ஆப்பாக வேலை செய்யாமல் போகும். 2021 செப்டம்பர் 30 அன்று இணையத் தளம் நம்பத்தக்கதா என்று கருவிகள் சரிபார்க்க உதவும் ஒரு பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியானபோது, அப்டேட் இல்லாத பழைய கருவிகள் பலவற்றில் இணையத் தளங்கள் திறக்கவில்லை. ஆனால் டிவியில் எச்டிஎம்ஐ துளை இருந்தால் ஆப்களைத் தானே ஓட்டுகிற ஒரு சின்ன ஸ்டிக்கைச் செருகிச் சமாளிக்கலாம். திரை நன்றாக இருந்தால் போதும்.

வாஷிங் மெஷினில் அந்த வழி கிடையாது. அதே கடையில் முன்பக்கம் கதவுள்ள ஒரு பழைய மாடலையும் காட்டினார்கள், விலை மனதை இழுத்தது. கதவைச் சுற்றியிருக்கிற ரப்பர் அந்த மாடலுக்கென்றே வார்த்தது. அது கிழிந்தால் வேறு மாடலின் ரப்பர் பொருந்தாது, தண்ணீர் தரையில்தான் ஓடும். சர்வீஸ் சென்டரில் கேட்டால் ஸ்டாக் இல்லை, எப்போது வரும் என்றும் சொல்ல முடியாது என்றார்கள். விட்டுவிட்டேன்.

டிவி மறுநாளே வந்து சேர்ந்தது. பெட்டியைப் பிரித்தால், கால்கள் இருக்கின்றன, அவற்றுக்கான திருகாணிப் பொட்டலம் இல்லை. கடையில் தேடினார்கள், குடோனில் தேடினார்கள். நின்றுபோன மாடல் என்பதால் தனியாகத் தருவிக்கவும் முடியவில்லை. நான்கு நாள் டிவி கட்டிலில் சாய்ந்தே கிடந்தது, அம்மா வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. கடைசியில் பொருத்த வந்த பையன்தான் வழி சொன்னார். முதுகில் 200 மில்லிமீட்டர் இடைவெளியில் நான்கு துளைகள் இருந்தன. அந்த அளவு எல்லா கம்பெனிக்கும் பொது, சாதாரண சுவர் ஸ்டாண்டே போதும் என்றார். கடைக்காரர் அந்த ஸ்டாண்டுக்குக் காசு வாங்கவில்லை. அரை மணி நேரத்தில் மாட்டி, மட்டம் பார்த்து, ரிமோட்டை அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போனார் அந்தப் பையன்.