வயலின் பெட்டிக்குள் ஓர் ஈரப்பதப் பொட்டலம்: டிசம்பர் முழுக்க வைத்துப் பார்த்த பிறகு எழுதுகிறேன்

எங்கள் வீட்டில் நான்கு பேருமே மேடை ஏறுகிறவர்கள். மனைவி வயலின், மகள் பாட்டு, மகன் மிருதங்கம், நான் புல்லாங்குழல். டிசம்பரில் பள்ளிக்கு லீவு விட்டதும் ஆரம்பித்தால் ஜனவரி முதல் வாரம் வரை 11 நிகழ்ச்சிகள். காரிலிருந்து இறங்குவது, சுருதி சேர்ப்பது, வாசிப்பது, மறுபடி காரில் ஏறுவது, இதுதான் விடுமுறை.

போன வருடம் ஹீட்டர் போட்ட ஒரு அரங்கில், மகள் ஆலாபனை பாடிக்கொண்டிருக்கும்போது வயலின் பிருடை (தந்தியை முறுக்கும் மர ஆணி) சர்ரென்று அவிழ்ந்து மேல் பஞ்சமத் தந்தி தொங்கிவிட்டது. மனைவி பிருடையை உள்ளே அழுத்தித் திருகுகிறார், கையை விட்டால் திரும்பவும் அவிழ்கிறது, மகள் பாவம் விடாமல் இழுத்துக்கொண்டே போனாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் வயலினின் அடிப்பலகை ஓரத்தில் ஒட்டு விட்டிருந்தது. பசை விட்டுக்கொடுத்ததால்தான் மரம் வெடிக்காமல் தப்பித்தது என்றார் பழுது பார்ப்பவர்.

காரணம் வறண்ட காற்றுதான். வெளியே 0 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை அப்படியே 20 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 21 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். வயலினுக்கு 40 முதல் 60 வரை இருந்தால் நல்லது.

அதனால் இந்த வருடம் போவேடா கம்பெனியின் ஈரப்பதப் பொட்டலம் வாங்கினோம், மர வாத்தியங்களுக்கான 49 சதவீத வகை. உள்ளே உப்புக் கரைசல், மேலே நீராவியை மட்டும் விடுகிற உறை. காற்று வறண்டால் ஈரத்தைக் கொடுக்கிறது, அதிகமானால் இழுத்துக்கொள்கிறது. தண்ணீர் ஊற்றும் வேலையே இல்லை. முன்பு வேறொரு கம்பெனியின் பஞ்சு வைத்த ரப்பர் குழாயைப் பயன்படுத்தி, அது ஒருநாள் சொட்டி வார்னிஷில் விழுந்த வெள்ளைத் திட்டு இன்னும் போகவில்லை.

துணிப்பைக்குள் போட்டு, வார்னிஷில் படாதபடி இரண்டு பொட்டலம் வைத்தோம். பெட்டிக்குள் 24 காட்டிய ஈரப்பதமானி இரண்டாம் நாளே 45 காட்டியது, அப்புறம் 43க்கும் 48க்கும் நடுவிலேயே நின்றது. மலிவான மானி வாங்குகிறவர்கள் முதலில் அதைச் சோதித்துவிடுங்கள். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, சேறு பதத்துக்குத் தண்ணீர் விட்டு, மானியோடு சேர்த்து ஜிப் பைக்குள் ஒரு இரவு மூடி வையுங்கள். 75 காட்ட வேண்டும். எங்களுடையது 71 காட்டியது, அதனால் எப்போதும் 4 கூட்டிப் படிக்கிறோம்.

எல்லாவற்றுக்கும் இது மருந்து இல்லை. குளிர்ந்த அரங்கில் புல்லாங்குழலின் சுருதி இறங்கத்தான் செய்யும், சால்வைக்குள் அணைத்து வைத்துச் சூடேற்றுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் மூங்கில் விரிசல் விடாமல் இருக்க, இறுக்கமாக மூடும் டப்பாவில் ஒரு பொட்டலத்தோடு வைக்கிறேன். மிருதங்கத்துக்கு வாங்க வேண்டாம். அந்தத் துணி உறையில் காற்று போகாத இடமே கிடையாது, மூன்றே வாரத்தில் பொட்டலம் கெட்டியாகிவிட்டது. புதிதில் விரலால் அமுக்கினால் கொழகொழவென்று இருக்கும், உள்ளே பரல் பரலாகத் தட்டுப்பட்டால் மாற்றிவிட வேண்டியதுதான். வயலின் பெட்டியில் இருக்கும் இரண்டும் இன்னும் மெத்தென்றுதான் இருக்கின்றன. வாங்குகிறவர்கள் ஹீட்டர் போட ஆரம்பிப்பதற்கு முன்பே வைத்துவிடுங்கள், ஒட்டு விட்ட பிறகு வைத்துப் பலனில்லை.

கடைசிக் கச்சேரிக்கு முன் பெட்டியைத் திறந்தபோது நான்கு தந்திகளும் முந்தின நாள் விட்ட சுருதியிலேயே, ஒரு மயிரிழை இப்படி அப்படி, நின்றன. மனைவி பிருடையில் கை வைக்கவே இல்லை, சுருதியை நுணுக்கமாகச் சரிசெய்யும் சின்னத் திருகான ஃபைன் டியூனரை மட்டும் லேசாகத் தொட்டுவிட்டு மகளைப் பார்த்துத் தலையசைத்தார்.