ரெண்டு வருஷமா ஏஐ வச்சு அக்சஸிபிலிட்டி பாடம் எடுக்குறேன்

பாலிடெக்னிக்ல வெப் டிசைன் எடுக்குறேன். அக்சஸிபிலிட்டி, அதாவது பார்வை இல்லாதவங்க, மவுஸ் பிடிக்க முடியாதவங்கன்னு எல்லாரும் யூஸ் பண்ற மாதிரி வெப்சைட் செய்யுற பாடத்துக்கு ஏஐ சாட்பாட் யூஸ் பண்ண ஆரம்பிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு. முதல் செமஸ்டர்ல நான் பண்ணது சுத்த தப்பு, "பார்வை இல்லாதவர் மாதிரி இந்த பேஜைப் பத்தி சொல்லு"ன்னு கேக்க வச்சேன், அதுவும் உருக்கமா ரெண்டு பத்தி எழுதித் தரும், பசங்க அதை அப்படியே ரெக்கார்டு நோட்ல ஏத்திட்டு வந்துடுவாங்க, ஒருத்தனும் பேஜைப் படிச்சுக் காட்டுற ஸ்க்ரீன் ரீடர் சாஃப்ட்வேரைத் திறந்துகூட பாக்கல.

இப்ப உல்டா. டவுன் பஸ் டைமிங் பேஜ் ஒண்ணு ஏஐகிட்ட போடச் சொல்லிட்டு, அதுல ஓட்டை கண்டுபிடிங்கடான்னு விட்டுடுவேன். மவுஸைக் கழட்டிடுவோம், டேப் கீ மட்டும்தான். போன பேட்ச்ல 'தேடு' பட்டனுக்கு டேப் போகவே இல்ல, கோடைத் திறந்தா அது பட்டனே கிடையாது, ஒரு டிவ்வுக்கு (வெறும் பெட்டி) கலர் அடிச்சு, மவுஸ் கிளிக்குக்கு மட்டும் வேலை செய்யுற ஆன்கிளிக் மாட்டி வச்சிருக்கு.

கலர்லயும் இதே கதைதான். வெள்ளை மேல 777777ங்கிற கலர் நம்பர்ல சாம்பல் எழுத்து, கான்ட்ராஸ்ட் (எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம்) பாஸ்னு ஏஐ அடிச்சு சொல்லுச்சு. செக்கர்ல போட்டா 4.48, சாதா சைஸ் எழுத்துக்கு டபிள்யூசிஏஜி (வெப் அக்சஸிபிலிட்டி விதிமுறை) ஏஏ லெவல்ல 4.5 வேணும். 767676ன்னு மாத்தினா 4.54. ஒரு மார்க்ல அரியர் வாங்குன பசங்களுக்கு இதை விளக்கவே வேணாம் :)

நல்லதும் இருக்கு, டபிள்யூசிஏஜி இங்கிலீஷைத் தமிழ்ல உடைச்சு சொல்றதுல ஏஐ எனக்கு பாதி வேலை மிச்சம் பண்ணுது.

படத்துக்குப் பதிலா ஸ்க்ரீன் ரீடர் படிக்கிற ஆல்ட் டெக்ஸ்ட்லதான் ரொம்ப சொதப்பும். பார்வை இல்லாத பழைய மாணவன் ஒருத்தனைக் கூப்பிட்டு அதே பேஜை என்விடிஏங்கிற ஸ்க்ரீன் ரீடர்ல ஓட்டச் சொன்னேன். மேல அழகுக்கு வச்ச பஸ் படத்துக்கு பச்சை கலர், ஜன்னல், மரம்னு நீட்டி முழக்குது, அந்த இடத்துல ஆல்ட்டைக் காலியா விட்டிருக்கணும். டைம் டேபிளையே படமா போட்ட இடத்துல 'பேருந்து நேர அட்டவணை'ன்னு மூணே வார்த்தை. "சார், மரம் வரைக்கும் சொல்லுது, பஸ் எத்தனை மணிக்குன்னு சொல்லலையே"ன்னு சிரிச்சான்.

அவன் கிளம்பினப்புறம் பசங்களே அந்தப் படத்தைத் தூக்கிட்டு நிஜ டேபிளா போட்டானுங்க. ஹெச்டிஎம்எல் கோடு மட்டும் ஏஐகிட்ட வாங்கினது, தலைப்பு வரிசைக்கு டிஹெச் (இது தலைப்புக் கட்டம்னு சொல்ற டேக்) போடாம விட்டிருந்துச்சு, நான் பக்கத்துல போறதுக்குள்ள திருத்திட்டானுங்க.